பிளேஃபேர் டிஸ்பிளே பிளாக் இட்டாலிக்: தலைப்பு கெட்டுத் தெரிந்தால் எங்கே பார்ப்பது

பிளேஃபேர் டிஸ்பிளே என்ற எழுத்துருவின் 'பிளாக் இட்டாலிக்' (மிகத் தடித்த, சாய்ந்த) வடிவத்தைத் தலைப்புக்குப் போட்டவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "மாதிரிப் படத்தில் அவ்வளவு அழகாக இருந்தது, என் பக்கத்துக்கு வந்ததும் என்னவோ போல இருக்கிறது." இந்த 'என்னவோ'வை நோண்டிப் பார்த்தால் பாதி நேரம் ஒரே காரணம்தான் கிடைக்கும்: திரையில் தெரிவது அந்த எழுத்துருவே கிடையாது. மென்பொருள் வேறொரு வடிவத்தை எடுத்துத் தானாகச் சாய்த்து, தானாகத் தடிக்க வைத்திருக்கிறது. அதனால் அளவையும் நிறத்தையும் இடைவெளியையும் மாற்றிப் பார்க்கும் முன், அசல் எழுத்து வந்து சேர்ந்ததா என்று பார்த்துவிடுங்கள். கீழே உள்ள வரிசையும் அதே ஒழுங்கில்தான் இருக்கிறது: முதலில் போலிகள், அப்புறம் அளவும் அச்சும், கடைசியில் பொருத்தம்.

எழுத்தின் குணம் தெரிந்தால் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம்

இதை வரைந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த கிளாவுஸ் எகர்ஸ் சோரன்சென். 2011-ல் வெளிவந்தது. திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பதால் இணையத்திலும் அச்சிலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் அகன்ற முனை இறகுப் பேனா போய்க் கூர்முனை எஃகுப் பேனா வந்தது. அழுத்தினால் பருத்த கோடு, விட்டால் மயிரிழை. பர்மிங்ஹாமில் ஜான் பாஸ்கர்வில் (1706–1775) வழவழப்பான காகிதத்தையும் நல்ல கறுப்பு மையையும் கொண்டு, மெல்லிய கோடுகளும் சிதையாமல் அச்சில் பதியும் என்று காட்டினார். பிளேஃபேரின் வேர் அங்கே இருக்கிறது. தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த எழுத்தின் உயிர்.

எழுத்தின் தடிப்பைச் சொல்லும் எண்ணான எடை 400-லிருந்து 900 வரை போகும். 900-ஐத்தான் 'பிளாக்' என்கிறார்கள். எடை கூடும்போது பருத்த கோடுகள் நன்றாகப் பருக்கின்றன. மயிரிழைகள் அந்த அளவுக்குப் பருப்பதில்லை. ஆக, பிளாக் இட்டாலிக்கில் ஒரே எழுத்துக்குள் மிகத் தடித்ததும் மிக மெல்லியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அதுவும் சாய்ந்துகொண்டு. கவர்ச்சிக்கும் காரணம் அதுதான், பெரும்பாலான தொல்லைகளுக்கும் காரணம் அதுதான்.

வரலாறும் கொஞ்சம் உதவும். வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் 1501-ல் இட்டாலிக்கைக் கொண்டுவந்தபோது முழுப் புத்தகத்தையும் அதிலேயே கோத்தார். ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல நிமிர்ந்த எழுத்துக்கு நடுவே இட்டாலிக்கைச் செருகுவது பிறகு வந்த பழக்கம். தடித்த எழுத்தோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் விளம்பரச் சுவரொட்டிகளில் பெருகியது. உடல் எழுத்துக்கு, அதாவது பத்திகளில் ஓடும் எழுத்துக்கு, துணையாக நிற்கிற தடித்த முகமாகக் கிளாரெண்டன் என்ற எழுத்துரு 1845-ல் வந்தது. எனவே 'தடித்த இட்டாலிக்' என்ற சேர்க்கை படிப்பதற்காகப் பிறந்ததை விட, பார்ப்பதற்காகப் பிறந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பத்தியை இதில் கோத்துவிட்டு 'படிக்க முடியவில்லை' என்று வந்தால், அந்தக் குறைக்கு வேறு மருந்து இல்லை. பத்தியை வேறு எழுத்துக்கு மாற்ற வேண்டியதுதான்.

அறிகுறி: சாய்ந்திருக்கிறது, ஆனால் உயிர் இல்லை

ஆங்கிலச் சின்ன 'ஏ' (a) எழுத்தைப் பாருங்கள். அசல் இட்டாலிக்கில் அது கையெழுத்தில் எழுதுவது போல ஒரே வயிற்றோடு இருக்கும். உங்கள் தலைப்பில் அது மேலே ஒரு கொண்டி, கீழே ஒரு வயிறு என்று இரண்டு அடுக்காகச் சாய்ந்து நின்றால், அது நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துத் தள்ளிய போலி. சந்தேகம் தீராவிட்டால் 'என்', 'எம்' எழுத்துகளின் பாதங்களையும் பாருங்கள். நிமிர்ந்த வடிவத்தில் இருபக்கமும் நீளும் தட்டையான செரிஃப் (கோட்டின் முனையில் உள்ள சிறு அடிக்கட்டை) இருக்கும். அசல் இட்டாலிக்கில் கடைசிக் கால் அடுத்த எழுத்தை நோக்கி மேலே வளையும்.

வட்ட எழுத்துகளிலும் போலி பிடிபடும். ஆங்கில 'ஓ'வை (o) இயந்திரம் சாய்க்கும்போது அதன் தடிப்பு இருக்க வேண்டிய இடத்தை விட்டு மூலைக்கு ஓடிவிடும், வட்டம் பிதுங்கியது போல ஆகும். கையால் வரைந்த இட்டாலிக்கில் வடிவமைப்பாளர் இதைத் திருத்தியிருப்பார்.

இணையத்தில் இதற்குக் காரணம் பெரும்பாலும் இணைப்பு வரிதான். கூகுள் ஃபான்ட்ஸில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது நிமிர்ந்த வடிவம் மட்டும் தேர்வாகி, இட்டாலிக் விட்டுப்போயிருக்கும். நகலெடுத்த வரியில் 'இட்டால்' என்ற அச்சின் (எழுத்துருவில் மாற்றக்கூடிய ஒரு பண்பின்) பெயர் இருக்கிறதா, அதற்கு 1 என்ற மதிப்பும் 900 என்ற எடையும் சேர்ந்து கேட்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரவுசர் கையில் இருப்பதைச் சாய்த்துத் தந்துவிடும். குரோமில் தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போனால், 'கம்ப்யூட்டட்' பகுதியின் அடியில் உண்மையில் எந்த எழுத்துரு வரைகிறது என்று காட்டும். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கென்றே 'ஃபான்ட்ஸ்' பகுதி உண்டு. ஊகிப்பதை விட அதைப் பார்ப்பது மேல்.

ஒரு நல்ல பழக்கம்: பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் 'ஃபான்ட்-சிந்தசிஸ்' என்ற பண்புக்கு 'நன்' என்று கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பிரவுசர் போலி செய்யாது. இட்டாலிக் வரவில்லை என்றால் தலைப்பு நிமிர்ந்தே நிற்கும். கோளாறு அந்த நிமிடமே கண்ணில் படும். வேலை நடக்கும்போது இதை நான் எப்போதும் போட்டே வைத்திருப்பேன்.

அறிகுறி: சாய்வு அளவுக்கு மீறிப் போகிறது

எழுத்துகள் காற்றில் விழப்போவது போல் இருந்தால், இரட்டைச் சாய்வு. எழுத்துருக் கோப்பைச் சொந்த சர்வரில் வைத்துக்கொள்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். இட்டாலிக் கோப்பை இணைத்திருப்பார்கள். ஆனால் 'ஃபான்ட்-ஃபேஸ்' அறிவிப்பில் அதன் ஸ்டைலை 'நார்மல்' என்றே விட்டிருப்பார்கள். பிரவுசருக்கு அது நிமிர்ந்த எழுத்து. தலைப்பில் இட்டாலிக் கேட்டதும், ஏற்கெனவே சாய்ந்த எழுத்தை இன்னொரு முறை சாய்க்கும். அறிவிப்பில் ஸ்டைலை 'இட்டாலிக்' என்று திருத்தினால் சரியாகிவிடும்.

இதே குடும்பத்தில் இன்னொரு கோளாறு உண்டு. எழுத்தின் உள்வெளிகள் அடைத்துக்கொண்டு, ஆங்கிலச் சின்ன 'ஈ'யின் (e) கண் மூடி, எல்லாம் மை கொட்டியது போல் தெரியும். பிளாக் கோப்பை எடை 400 என்று அறிவித்துவிட்டு, அதை முதல்நிலைத் தலைப்புக்குப் போட்டால் இது நடக்கும். அந்தத் தலைப்புக்குப் பிரவுசர் வழக்கமாகவே போல்டு கேட்கும். கையில் 400 மட்டும் இருப்பதாக நம்பி, 900-ஐயே இன்னும் தடிக்க வைக்கும். கோப்பின் உண்மையான எடையை அறிவியுங்கள். வேரியபிள் கோப்பாக (எல்லா எடைகளும் ஒன்றிலேயே அடங்கிய கோப்பாக) இருந்தால் 400 முதல் 900 வரை என்று வீச்சாகக் கொடுக்க வேண்டும்.

அறிகுறி: வேர்டில் 'பி' அழுத்தினால் அசிங்கமாகிறது

விண்டோஸில் பழைய வழக்கப்படி ஒரு எழுத்துருக் குடும்பத்துக்கு நான்கு பேர்தான்: ரெகுலர், இட்டாலிக், போல்டு, போல்டு இட்டாலிக். அதற்கு மேல் உள்ள எடைகள் தனிக் குடும்பமாகப் பட்டியலில் வரும். 'பிளேஃபேர் டிஸ்பிளே பிளாக்' என்று தனியாகத் தெரிவது இதனால்தான். அதைத் தேர்ந்தெடுத்த பிறகு போல்டுக்கான 'பி' பொத்தானை அழுத்தாதீர்கள். அந்தக் குடும்பத்தில் அதை விடத் தடித்த அசல் எதுவும் கிடையாது, ஆகவே வேர்டு போலியாகப் பருக்க வைக்கும். இட்டாலிக்குக்கான 'ஐ' பொத்தான் மட்டும் போதும். பிளாக் இட்டாலிக் கோப்பு நிறுவியிருந்தால் அசல் வந்துவிடும்.

நிறுவியும் வரவில்லையா? கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து இறக்கிய ஜிப் கோப்பைத் திறந்து பாருங்கள். மேலேயே இருப்பவை வேரியபிள் கோப்புகள். உள்ளே 'ஸ்டாட்டிக்' என்ற ஃபோல்டரில் ஒவ்வோர் எடையும் தனித்தனிக் கோப்பாக இருக்கும். அலுவலக மென்பொருள்கள் பல வேரியபிள் எழுத்துருவை ஒழுங்காகக் கையாள்வதில்லை. வேரியபிளை நீக்கிவிட்டு ஸ்டாட்டிக் கோப்புகளை நிறுவி, மென்பொருளை மூடித் திறந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதுதான் குழப்பத்திலேயே பெரிய குழப்பம்.

அறிகுறி: எழுத்து உடைந்து உடைந்து தெரிகிறது

இங்கே எழுத்து அசல்தான். மயிரிழைகள் காணாமல் போய்விட்டன. 'என்' எழுத்தில் இரண்டு பருத்த கால்கள் மட்டும் தனித்தனியாக நிற்கும், அவற்றை இணைக்கிற கோடு மறைந்திருக்கும். அளவு சிறியது என்பதுதான் காரணம். பெயரிலேயே 'டிஸ்பிளே' இருக்கிறது. பெரிதாக வைப்பதற்காக வரைந்தது. திரையில் 28 பிக்சலுக்குக் கீழே பிளாக் இட்டாலிக்கை நான் வைப்பதில்லை. துணைத்தலைப்பு சிறிதாக இருக்க வேண்டுமென்றால் எடையை 600 அல்லது 700-க்கு இறக்குங்கள். பருத்த கோடுகள் மெலிந்ததும் மயிரிழை கண்ணுக்குத் திரும்பக் கிடைக்கும்.

சின்ன அளவிலும் இதே முகம் வேண்டும் என்பவர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. சோரன்சென் பின்னாளில் 'டிஸ்பிளே' என்ற ஒட்டு இல்லாமல் வெறும் 'பிளேஃபேர்' என்ற வேரியபிள் எழுத்துருவை வெளியிட்டார். அதில் 'ஆப்டிகல் சைஸ்' என்ற அச்சு உண்டு. சின்ன அளவில் மயிரிழைகள் பருக்கும், இடைவெளி விரியும். பெரிய அளவில் மெலியும். ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனியாக அச்சு வெட்டியபோது கைவினைஞர்கள் செய்த வேலையை இது கணிதத்தால் செய்கிறது. பிரவுசரில் இந்த அச்சு தானாகவே இயங்கும், யாராவது அணைத்து வைக்காத வரை.

படமாக அனுப்பும் சுவரொட்டியில் உடைகிறது என்றால் ஜேபெக் அழுத்தத்தைச் சந்தேகப்படுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டே போகும், மயிரிழையைச் சுற்றி அழுக்குப் படியும். பிஎன்ஜி-யாக எடுத்து 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள்.

அறிகுறி: திரையில் சரி, அச்சில் அடைத்துக்கொள்கிறது

இது இரண்டு விதம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தென்றால் மை கொஞ்சம் பரவி மயிரிழை தடிக்கும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தென்றால் நிலைமை தலைகீழ்: சுற்றியுள்ள மை உள்ளே பரவி மயிரிழையை விழுங்கிவிடும். அந்தப் பின்னணி நான்கு வண்ணமும் சேர்ந்ததாக இருந்து, ரிஜிஸ்டர் (வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும் பொருத்தம்) ஒரு முடி அளவு தப்பினாலும் வெள்ளைக் கோட்டுக்குள் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். பிளாக் இட்டாலிக்கின் மயிரிழைக்கு இதைத் தாங்கும் உடம்பு இல்லை.

செய்ய வேண்டியது: கறுப்பு எழுத்தை வெறும் கறுப்பு 100 சதவீதத்தில் வையுங்கள், நான்கு வண்ணக் கலவையில் வேண்டாம். வெள்ளை எழுத்தென்றால் அளவைப் பெரிதாக்குங்கள். அல்லது எழுத்துக்கு அதே வெள்ளையில் மிக மெல்லிய ஓரக்கோடு, 0.25 பாயின்ட் போலக் கொடுங்கள். ஓரக்கோடு கொடுப்பதும் ஒருவகைப் போலித் தடிப்புதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் அச்சில் மை தின்னப்போகும் அளவை முன்கூட்டியே ஈடுகட்டுகிறோம், அச்சான பிறகு கண்ணுக்குத் தெரிவது அசல் வடிவம்தான். துணியில் ஸ்கிரீன் பிரின்ட் என்றால் இன்னும் தாராளமாகவே கொடுக்க வேண்டும். சொரசொரப்பான காகிதத்தில் இந்த எழுத்தே வேண்டாம் என்பேன்.

அச்சகத்துக்குப் போன பிடிஎஃப்பில் எழுத்துரு வேறாக மாறி வந்தால், எழுத்துருவைக் கோப்புக்குள் பொதிக்கவில்லை என்று பொருள். உரிமம் அதை அனுமதிக்கிறது, தயங்க வேண்டாம். கடைசி நிலையில் எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றியும் அனுப்பலாம்; திருத்தம் செய்ய ஒரு பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எண்கள் மேலும் கீழும் ஆடுகின்றன

1974 என்று அடித்தால் 1 குட்டையாக நிற்கும். 9, 7, 4 மூன்றும் வரிக்குக் கீழே இறங்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பிளேஃபேர் டிஸ்பிளேயில் இயல்பாக வருவது பழைய பாணி எண்கள். சின்ன எழுத்துகள் நிறைந்த வரியின் நடுவே அவை மிக அழகாகக் கலக்கும். விலையிலும் தேதியிலும் தொலைபேசி எண்ணிலும் தொந்தரவுதான்.

சம உயர எண்களும் உள்ளேயே இருக்கின்றன. சிஎஸ்எஸ்ஸில் 'ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக்' என்பதற்கு 'லைனிங்-நம்ஸ்' கொடுங்கள். வேர்டில் ஃபான்ட் பெட்டியின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் நம்பர் ஃபார்ம்ஸ் என்ற இடத்தில் 'லைனிங்'. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஓப்பன்டைப் மெனுவுக்குள் 'ப்ரப்போர்ஷனல் லைனிங்'. இந்த வசதி இல்லாத மென்பொருளில் வேலை செய்கிறீர்கள் என்றால், எண்ணை மட்டும் ஜார்ஜியாவுக்கு மாற்றலாம் என்று தோன்றும். அதிலும் பழைய பாணி எண்கள்தான், பயனில்லை. எண்கள் சம உயரமாக உள்ள வேறொரு செரிஃப்பைத் தேடுங்கள்.

அறிகுறி: எழுத்து வெட்டுப்படுகிறது, அல்லது பக்கத்து எழுத்தை இடிக்கிறது

'எஃப்' எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தலை வலப்பக்கம் வளைந்து, தனக்கென்று ஒதுக்கிய பெட்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். ஈயக் காலத்தில் இப்படி நீளும் பகுதி உலோகத்தில் தொங்கலாக நிற்கும். அடுத்த எழுத்தை இடித்தால் முறிந்துவிடும். அதனால்தான் 'எஃப்'பும் 'ஐ'யும், 'எஃப்'பும் 'எல்'லும் ஒட்டிய கூட்டெழுத்துகளை ஒரே துண்டாக வார்த்தார்கள். இன்றைக்கு எதுவும் முறியாது, ஆனால் இடிப்பது இடிக்கத்தான் செய்யும்.

'எஃப்'பின் குமிழ் 'ஐ'யின் புள்ளியோடு மோதி ஒரு கறுப்புக் கட்டியாகத் தெரிந்தால் கூட்டெழுத்து அணைந்திருக்கிறது. வேர்டின் பழைய பதிப்புகளில் அது வழக்கமாகவே அணைந்துதான் இருக்கும். அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் லிகேச்சர்ஸை 'ஸ்டாண்டர்டு' ஆக்குங்கள். இணையத்தில் ஒரு மறைமுகக் காரணம் உண்டு: லெட்டர்-ஸ்பேசிங் (எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் பிரவுசர் கூட்டெழுத்தைக் கைவிட்டுவிடும். தலைப்பைக் கொஞ்சம் நெருக்கிக் கோக்க நினைத்து மைனஸ் மதிப்பு கொடுத்தீர்கள், 'எஃப்-ஐ' மோதத் தொடங்கியது என்றால் இதுதான். அந்தச் சொல்லில் மட்டும் நெருக்கத்தை எடுத்துவிடலாம்.

தலைப்பின் கடைசி எழுத்து வலப்புறம் கத்தரித்தது போல் இருந்தால், பெட்டிக்கு வெளியே நீளும் பகுதியை 'ஓவர்ஃப்ளோ ஹிடன்' வெட்டுகிறது. எழுத்துக்குள் வண்ணச் சாயல் நிரப்பும்போதும் இதே கதை. இருபக்கமும் எழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு பேடிங் கொடுத்தால் போதும்.

இட்டாலிக் சொல் முடிந்து நிமிர்ந்த அடைப்புக்குறி வருமிடத்திலும் மோதும். அடைப்புக்குறியையும் ஆச்சரியக்குறியையும் இட்டாலிக்கிலேயே சேர்த்துவிடுவதா, நடுவில் மெல்லிய இடைவெளி விடுவதா என்பது வடிவமைப்பவரின் விருப்பம். தலைப்பில் நான் இட்டாலிக்கிலேயே சேர்ப்பேன்.

அறிகுறி: தமிழ் எழுத்து வேறு மாதிரி சாய்கிறது

நமக்கு மட்டும் வருகிற தொல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிளேஃபேர் டிஸ்பிளேயில் லத்தீனும் சிரிலிக்கும் உண்டு, தமிழ் கிடையாது. ஒரே தலைப்பில் ஆங்கிலப் பெயரும் தமிழும் வந்தால், தமிழுக்குப் பிரவுசர் கணினியில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுக்கும். தலைப்பு இட்டாலிக் என்பதால் அதையும் சாய்க்கும். வட்டமும் சுழியும் நிறைந்த நம் எழுத்தை இயந்திரம் தள்ளினால் 'ண'வும் 'ஐ'யும் தடுமாறி விழுகிற மாதிரி ஆகிவிடும். தமிழ் அச்சில் அழுத்தம் தர இட்டாலிக் ஊன்றிய மரபாக இருந்ததில்லை. தடித்த எழுத்தும் மேற்கோள்குறியும்தான் அந்த வேலையைச் செய்துவந்தன. சாய்ந்த தமிழ் எழுத்துருக்கள் இப்போது உண்டு என்றாலும், என் கண்ணுக்குத் தடித்த நிமிர்ந்த தமிழே பிளாக் இட்டாலிக்குக்கு நல்ல துணை.

செய்முறை: தமிழ்ப் பகுதியைத் தனி ஸ்பேனில் (வரியின் ஒரு துண்டைப் பிரித்துக் காட்டும் எச்டிஎம்எல் குறியில்) போட்டு, மொழியைத் தமிழ் என்று குறித்து, ஸ்டைலை நார்மல் ஆக்குங்கள். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ் என்றால் எடை 100-லிருந்து 900 வரை கிடைக்கும். உடனே 900-ஐப் போட வேண்டாம். பிளேஃபேரின் 900-ல் மயிரிழைகள் ஊடே வெளிச்சம் இருக்கும். தமிழில் கோடுகளின் தடிப்பு அவ்வளவு மாறாததால் அதே எடை கனத்துத் தெரியும். 700-ல் தொடங்கிக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், இரண்டின் கறுப்பும் ஒரே அளவாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

அளவும் அப்படியே பொருந்தாது. பிளேஃபேரில் சின்ன எழுத்துகளின் உயரம் மிக அதிகம், பெரிய எழுத்துகள் குட்டை. தமிழ் எழுத்தைச் சின்ன எழுத்தின் உயரத்துக்கும் பெரிய எழுத்தின் உயரத்துக்கும் நடுவே வருமாறு சரிசெய்தால் ஒட்டும்.

வரி இடைவெளியில் இன்னொரு பொறி. பிளேஃபேரின் வால்கள் குட்டை. ஆங்கிலத் தலைப்பை வரி இடைவெளியே இல்லாமல் அடுக்கலாம் என்பது அதன் பெருமைகளில் ஒன்று. அதே 1.0 மதிப்பைத் தமிழுக்கு விட்டால், மேல் வரியின் 'கு', 'மூ' கால்கள் கீழ் வரியின் 'கி', 'தீ' மேல்விலங்குகள் மேல் ஏறும். தமிழ் கலந்த தலைப்புக்கு 1.3-க்குக் குறையாமல் வையுங்கள். மைனஸ் லெட்டர்-ஸ்பேசிங்கும் தமிழுக்கு வேண்டாம்.

ஆங்கிலப் பெயரோடு 'இன்', 'இல்' போன்ற உருபு ஒட்டும்போது, சாய்ந்த கடைசி எழுத்தின் தலை நிமிர்ந்த 'இ'யின் நெற்றியில் முட்டும். நடுவே சிறுகோடு போட்டால் மேல்பக்கம் தானாகவே வெளி கிடைக்கும். சிறுகோடு பிடிக்காவிட்டால் ஹேர் ஸ்பேஸ் (மிக மெல்லிய இடைவெளி) ஒன்று விடுங்கள்.

தமிழ் இருந்த இடத்தில் திடீரென ஆங்கில எழுத்துக் குவியல் வந்துவிட்டதா? அந்தத் தமிழ் யூனிகோடில் இல்லை, பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் அடித்தது. அங்கே 'தமிழ்' என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போர்த்திய உருவம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பிளேஃபேர் கொடுத்ததும் போர்வை விலகிவிட்டது. அன்டூ செய்து, அந்தப் பகுதியை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகு வேலையைத் தொடருங்கள். இன்டிசைனில் யூனிகோடு தமிழின் கொம்புகளும் கால்களும் இடம் மாறித் தெரிந்தால், பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: பக்கம் திறந்ததும் தலைப்பு ஒரு துள்ளு துள்ளுகிறது

எழுத்துரு இறங்கும் வரை மாற்று எழுத்துரு நிற்கிறது, அப்புறம் இடம் மாறுகிறது. மாற்றாக ஜார்ஜியா போல்டு இட்டாலிக்கை வைத்தால் துள்ளல் குறையும். தலைப்புக்கான எழுத்துருக் கோப்பை மட்டும் ப்ரீலோடு செய்யுங்கள், அதாவது முன்கூட்டியே இறங்கச் செய்யுங்கள். ஒரே எடையைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் முழு வேரியபிள் கோப்பையும் இழுக்க வேண்டியதில்லை.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, இருந்தும் பொருந்தவில்லை

முதலில், தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கிறதா? பிளாக் இட்டாலிக்கின் அழகு சின்ன எழுத்துகளில்தான் ஓடுகிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கை நகர்ந்த தடம் அங்கே தெரியும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கினால் தடித்த கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும், சொல்லின் உருவம் போய்விடும். முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி மற்றவற்றைச் சின்னதாக்கிப் பாருங்கள். பல தலைப்புகள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து, எத்தனை சொல்? இரண்டு மூன்று சொல்லில் இது ஓங்கி ஒலிக்கும், ஒரு வரிக்கு மேல் போனால் மூச்சு முட்டும். நீண்ட தலைப்பென்றால் ஒரே ஒரு சொல்லைப் பிளாக் இட்டாலிக்கில் விட்டு, மீதியை பிளேஃபேரின் நிமிர்ந்த 400-ல் வையுங்கள். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இந்தக் குடும்பம் ஒளிர்கிறது. உடல் எழுத்துக்கு ஜார்ஜியா நன்றாகச் சேரும். இரண்டும் ஒரே மரபில் வந்தவை.

கடைசியாக, சொல்லும் விஷயம் என்ன? பத்திரிகையின் அட்டை, நேர்காணலிலிருந்து எடுத்த ஒரு வரி, உணவகத்தின் பெயர், கச்சேரி அறிவிப்பு, வாசனைப் பொருளின் பெட்டி: இவற்றில் இந்த எழுத்து வீட்டில் இருப்பது போல் இருக்கும். கொஞ்சம் நாடகத்தன்மை, கொஞ்சம் ஆடம்பரம், நிறைய நம்பிக்கை. மருந்துச் சீட்டு, எச்சரிக்கைப் பலகை, விண்ணப்பப் படிவம், விலைப் பட்டியல் ஆகியவற்றில் அதே குணம் இடைஞ்சல். அங்கே படிப்பவருக்கு அவசரம் இருக்கிறது. இரங்கல் அறிவிப்பிலும் 900 எடை எனக்கு உறுத்தும். குடும்பத்தை மாற்ற மனமில்லை என்றால் அங்கே 400 இட்டாலிக்கை வைத்து, சுற்றிலும் வெள்ளை இடத்தை இரட்டிப்பாக்குங்கள்.